கோடு விட்ட இடம்

பல்லடத்தில், செவ்வாய்க்கிழமை, ஆறாவது பீரியட்.
பதினெட்டுப் பலகை, முப்பத்தாறு பேர்.
வெள்ளைப் பிளாஸ்டிக்கில் எண்ணூற்றுச் சொச்சம் துளை.
"பிஸ்கட்டுங்க மிஸ்" என்று
முதல் வாரமே பேர் வைத்துவிட்டார்கள்.
பிரெட்போர்டு என்று நான் எத்தனை தரம் சொன்னாலும்
பிஸ்கட்தான்.

ரோபோ எப்பங்க மிஸ் செய்வோம்?
சர்வேஷ் வாராவாரம் கேட்கிறான்.
கறுப்புக் கோட்டை மோந்துகொண்டு ஓடும் வண்டியை
போனில் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தவன்.
முதலில் ஒரு விளக்கு எரியட்டும் என்கிறேன்.
பட்டாணி அளவு எல்.இ.டி. சிவப்பு.

நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ்.
ரெசிஸ்டரில் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு:
முந்நூற்று முப்பது ஓம்.
அது இல்லாமல் செருகினால் என்ன ஆகும் என்று
சொல்லி முடிப்பதற்குள்
கடைசி பெஞ்சில் ஒன்று பளிச்சென்று மின்னி
கருகல் வாசம் வந்தது.
"செத்துப்போச்சுங்க மிஸ்."
சரி, பாதிப் பாடம் முடிந்தது.

மேலே சிவப்புக் கோடு ஓடுகிறது பாருங்கள்,
அதில் எங்கே செருகினாலும் ஒன்பது வோல்ட்.
எங்கே செருகினாலும்.
இரண்டு தடவை சொன்னேன்,
கரும்பலகையிலும் எழுதிப்போட்டேன்.

இடப்பக்கம் கட்டியவர்களுக்கு எரிந்தது.
வலப்பக்கம் கட்டியவர்களுக்கு எரியவில்லை.
பேட்டரியை மாற்றினேன்.
எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டேன்.
ஒயரை உருவி, நுனியைச் சுரண்டி, மறுபடி குத்தினேன்.
கழுத்து வியர்த்தது.
நான்கு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்தான்,
ஆனால் நான் படித்த பலகை இதில் பாதி.

ரஸ்மிதா எழுந்து வந்தாள்.
அப்பாவும் அம்மாவும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்.
மன்னார்குடிக்காரி எனக்கு
அவளளவுக்கு 'ங்க' போட வராது.
"மீட்டரைக் குடுங்க மிஸ்."
பேட்டரியைக் கழற்றி வைத்தாள்.
துளைக்குள் போகாத மீட்டர் முனைகளில்
ஆளுக்கொரு ஒயர்த் துண்டைச் சுற்றினாள்.
ஒன்றைக் கோட்டின் தொடக்கத்தில் ஊன்றி
மற்றதைத் துளை துளையாக நகர்த்தினாள்.
கீ.
கீ.
கீ.
நடுவில் வந்ததும் மீட்டர் ஊமையானது.

கண்ணைக் கிட்டே கொண்டுபோனால் தெரிந்தது:
சிவப்பு மசியே அங்கே
ஓர் அரிசி நீளத்துக்கு விட்டுத்தான் போயிருந்தது.
உள்ளே தகடும் அப்படியே.
பலகை ஒளிக்கவில்லை.
நான் படிக்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிச்சே?
"அப்பா ஆட்டோலூம்ல இருக்காருங்க.
பாவு அறுந்தா தறி தானா நிக்குமுங்க.
அறுந்த இழை எதுன்னு
ஒரு கரையிலிருந்து தடவிட்டே வரோணுமுங்க.
நடுவுல குதிச்சா கெடைக்காதுங்க."

அவளையே வரையச் சொன்னேன்.
ஒவ்வோர் இழையிலும் தொங்கும் மெல்லிய தகடு,
இழை அறுந்தால் விழும்,
விழுந்து கம்பியைத் தொடும்,
சுற்று மூடிக்கொள்ளும், தறி நிற்கும்.
பக்கத்தில் எங்கள் பிஸ்கட்டை வரைந்தேன்.
இதில் சுற்று திறந்துகொண்டதால் விளக்கு நின்றது.
ஒரே அறுப்பு,
அங்கே சேர்க்கிறது, இங்கே பிரிக்கிறது என்று
யாரோ முணுமுணுத்தார்கள். யாரென்று பார்க்கவில்லை.
'எங்கே செருகினாலும்' என்பதை
டஸ்டரால் அழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு அங்குல ஒயர் ஒவ்வொருவருக்கும்.
கோடு விட்ட இடத்துக்கு மேலே வளைத்துக் குத்தினார்கள்.
பதினாறு, பதினேழு என்று எண்ணினேன்.
பதினெட்டாவதில் ஒயர் பக்கத்துக் கோட்டில் இருந்தது,
அதை அவர்களே தேடட்டும் என்று விட்டேன்.
சர்வேஷ் இந்த வாரம் ரோபோவைக் கேட்கவில்லை,
விளக்கைக் கையால் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான்.

மணி அடிக்கும் நேரம்.
பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில்
ஒரு தறிச் சத்தம் மட்டும் உதிர்ந்து போனது.
புதிதாகக் கற்றவளின் மிதப்பில்
"பாவு அறுந்திருக்கும்" என்றேன்.
ரஸ்மிதா ரெசிஸ்டர்களை நிறவாரியாகப் பிரித்தபடி
தலை தூக்காமல் சொன்னாள்:
"இல்லீங்க மிஸ். ஊடைங்க."